தவக்காலத்துக் காமாலை

என் கண்ணைப் பார்த்து "காமாலையா?" என்று கேட்காத ஆள் திண்டுக்கல்லில் யாராவது மிச்சமிருந்தால், அவர் இன்னும் என் கடைக்கு மாவு வாங்க வரவில்லை என்று அர்த்தம். தாடிக்கொம்பு ரோட்டில் இட்லி மாவு அரைத்து விற்கிறேன். பெயர் பிலோமினா. வீட்டுக்காரர் தவறிப் பல வருஷம் ஆகிறது. கிரைண்டரும் நானுமாக ஓட்டிக்கொண்டிருக்கிறோம். சாப்பாட்டுச் சாமான் விற்கிறவளுக்குக் கண் மஞ்சளாக இருந்தால் வியாபாரம் என்னவாகும் என்று நான் சொல்லத் தேவையில்லை. மாவைக் கையில் வாங்கியபிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு, "வீட்ல மாவு இருக்குக்கா, மறந்துட்டேன்" என்று திருப்பித் தந்தவர்கள் உண்டு.

வருஷம் முழுக்க அப்படி இல்லை. மற்ற நாளில் லேசான மஞ்சள்தான், உற்றுப் பார்த்தால்தான் தெரியும். தவக்காலம் வந்தால் மட்டும் நன்றாகப் பழுத்துவிடும். சாம்பல் புதனிலிருந்து ஈஸ்டர் வரைக்கும் நான் ஒருசந்தி இருப்பேன். ஒருவேளைச் சாப்பாடு, வெள்ளிக்கிழமைகளில் அதுவும் கஞ்சி. கறி, மீன், முட்டை கிடையாது. இரண்டாவது வாரத்திலேயே கண் மஞ்சளாகும். உடனே என் தம்பி ஸ்டீபன் லோடு ஆட்டோவை எடுத்துக்கொண்டு வந்து நிற்பான். "கெளம்புக்கா, சித்தையன்கோட்டைக்குப் போவோம்."

அங்கே காமாலைக்கு மருந்து கொடுக்கிற ஒருவர் இருக்கிறார். நல்ல மனிதர், அவர் மேல் எனக்குக் கோபம் இல்லை. வெறும் வயிற்றில் கீழாநெல்லியை அரைத்து ஆட்டுப்பாலில் கலக்கித் தருவார். அப்புறம் பத்தியம் சொல்வார். உப்பு கூடாது, எண்ணெய் கூடாது, மோர்சோறு மட்டும். ஏற்கெனவே ஒருவேளை தின்கிறவள், அதையும் உப்பில்லாமல் அரைவயிறு தின்பேன். கண் இன்னும் மஞ்சளாகும். "மருந்து வேலை செய்யுது, உள்ள இருக்கிறதெல்லாம் வெளிய வருது" என்பான் ஸ்டீபன். ஈஸ்டர் அன்று அவன் பெண்டாட்டி லூர்து ஆட்டுக்கறிக் குழம்பு வைப்பாள். பின்னாடியே இரண்டு மூன்று நாளில் கண் வெளுத்துவிடும். பெயர் மருந்துக்காரருக்குப் போய்ச் சேரும். ஸ்டீபன் ஒரு சேவலைக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வருவான். இந்தக் கூத்து எங்கள் வீட்டில் வருஷா வருஷம் நடந்தது. எங்களில் ஒருவருக்குக்கூட இதில் எதுவும் தப்பாகத் தெரியவில்லை.

இந்தத் தவக்காலத்தில்தான் நெஞ்சுவலி வந்தது.

மாவு நிறைந்த பெரிய தூக்குவாளியை எடுத்துப் பெஞ்சில் வைத்தேன். இடது பக்கம் நெஞ்சுக்குள் யாரோ விரலை விட்டுக் குடைந்த மாதிரி இருந்தது. மூச்சை இழுத்தால் குத்தியது. அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். வலியைவிட பயம்தான் பெரிதாக இருந்தது. எங்கள் அப்பா ஐம்பதைத் தாண்டவில்லை, நெஞ்சைப் பிடித்துக்கொண்டு தோட்டத்திலேயே போனவர். அண்ணன் அந்தோணி அவரைவிடச் சின்ன வயதில் தூக்கத்தில் போனான். மிச்சம் நானும் ஸ்டீபனும்தான். சரி, அடுத்த முறை எனக்கு என்று நினைத்தேன். பயந்தேன் என்று சொல்ல எனக்கு வெட்கமில்லை.

ஸ்டீபன் என்னை ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் சேர்த்தான். எந்த ஆஸ்பத்திரி என்று எழுதப்போவதில்லை. எல்லா இடத்திலும் இப்படித்தான் நடக்கும் என்று எனக்குத் தோன்றுகிறது. ஈ.சி.ஜி. எடுத்தார்கள். லேசான மாற்றம் இருக்கிறது, இல்லை என்றும் சொல்லலாம் என்றார்கள். அது என்ன பதில் என்று இன்றுவரை எனக்குப் புரியவில்லை. மறுநாள் டிரெட்மில் என்கிற ஓடும் பட்டையில் நடக்கவைத்தார்கள். அதிலும் "சந்தேகமா இருக்கு". குடும்பத்தில் இரண்டு பேர் இதயத்தால் போயிருக்கிறார்கள் என்றதும் ஆஞ்சியோகிராம் பார்த்துவிடலாம் என்றார் இதய டாக்டர். மணிக்கட்டு நரம்பு வழியாக மெல்லிய குழாயை விட்டு, மருந்து செலுத்தி, இதயத்தின் ரத்தக்குழாயில் அடைப்பு இருக்கிறதா என்று படம் பிடிப்பது. சரி என்று தலையாட்டினேன். அப்போதுதான் அவர் என் கண்ணைப் பார்த்தார்.

"என்னம்மா இது, காமாலை இருக்கே?"

அந்த ஒரு கேள்வியோடு என் நெஞ்சுவலியை எல்லோரும் மறந்துபோனார்கள். மஞ்சள் இறங்காமல் ஆஞ்சியோ செய்யமுடியாது என்று இதய டாக்டர் என்னை வயிற்று டாக்டரிடம் அனுப்பினார். வயிற்று டாக்டர் ஸ்கேன் எழுதினார். "வெறும் வயிற்றில் வாங்க." ஸ்கேனில் கல்லீரலும் பித்தப்பையும் நன்றாக இருந்தன. ரத்தம் எடுக்கவேண்டும், அதற்கும் வெறும் வயிறு. மஞ்சள் கூடியிருந்தது. எதற்கும் எண்டோஸ்கோப்பி பார்த்துவிடலாம் என்றார். வாய் வழியாகக் குழாய் விட்டு இரைப்பையைப் பார்ப்பது, அதற்கும் ராத்திரியிலிருந்து பச்சைத்தண்ணீர்கூடக் கூடாது. காலையில் ஸ்ட்ரெச்சரில் ஏற்றிக் கதவு வரைக்கும் கொண்டுபோனபிறகு மயக்க டாக்டர் நிறுத்தினார். "இவங்க நெஞ்சுவலின்னு வந்தவங்க. ஹார்ட் நல்லாருக்குன்னு எழுதி வாங்கிட்டு வாங்க."

இதயக்காரர் எழுதித் தரவேண்டுமானால் ஆஞ்சியோ பார்க்கவேண்டும். ஆஞ்சியோ பார்க்க வயிற்றுக்காரர் மஞ்சளை இறக்கித் தரவேண்டும். வயிற்றுக்காரர் எண்டோஸ்கோப்பி செய்ய இதயக்காரர் எழுதித் தரவேண்டும். மூன்றாம் மாடிக்கும் முதல் மாடிக்கும் நடுவில் என்னைப் பந்து மாதிரி உருட்டினார்கள். ஒவ்வொரு உருட்டலுக்கும் ஒருவேளைச் சாப்பாடு போனது. ஒவ்வொரு சாப்பாடு போனதற்கும் கண் ஒருபடி ஏறியது. எனக்கு வந்த எரிச்சலுக்கு அளவே இல்லை. வலிக்கிறது என்று வந்தவளை, எங்கே வலிக்கிறது என்று ஒருவர் தொட்டுப் பார்க்கவில்லை.

பக்கத்துக் கட்டிலில் இருந்த அம்மாவின் மகள் தட்டையும் டம்ளரையும் என்னைவிட்டுத் தள்ளி வைத்தாள். ஒட்டிக்கொள்ளுமாம். அவளைத் திட்ட எனக்கு வாய்வரை வந்தது. அப்புறம், என் கடைக்கு வருகிறவர்களும் இதைத்தானே செய்கிறார்கள் என்று திரும்பிப் படுத்துக்கொண்டேன்.

லூர்து தினமும் ரசமும் குழைந்த சோறும் கொடுத்துவிடுவாள். ஸ்டீபன் கொண்டுவருவான். பாதிநாள் "எதுவும் குடுக்கக்கூடாது" என்று நர்ஸ் சொல்லிவிடுவதால் அவனே வராந்தாவில் உட்கார்ந்து அதைத் தின்பான். "என்னா ருசிங்கிற, நீ இல்லாம சாப்பிடத்தான் கஷ்டமா இருக்கு" என்பான் நக்கலாக. லிஃப்ட் வேலை செய்யாத நாளில் மாடி ஏறி வந்தால் அவனுக்கு மூச்சு வாங்கும். இரண்டாவது மாடித் திருப்பத்தில் படியிலேயே கொஞ்சநேரம் உட்கார்ந்துவிட்டுத்தான் மேலே வருவான். கேட்டால், "வாய்வுக்கா. காலைல கெழங்கு தின்னேன்."

சாயங்கால ரவுண்டுக்கு ஒரு நாள் புதிதாக ஒரு டாக்டரம்மா வந்தார். பொது மருத்துவர். நடுவயது, சுங்குடிச் சேலை, காலில் சாதாரணச் செருப்பு. என் கண் இமையைக் கீழே இழுத்துப் பார்த்தார். நான் அவர் கேட்பதற்கு முன்னாலேயே பொரிந்து தள்ளினேன். "ஆமா டாக்டரம்மா, காமாலைதான். எழுதுங்க. இன்னும் எத்தன டெஸ்ட் இருக்கோ எல்லாத்தையும் வெறும் வயித்துல எழுதுங்க."

அவர் கோபப்படவில்லை. ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "ஒண்ணுக்குப் போனா மஞ்சளாப் போகுதா?"

"இல்ல. எப்பவும்போலத்தான்."

"அரிப்பு இருக்கா? சாப்பாடு பிடிக்கலையா?"

"சாப்பாடு பிடிக்குது. குடுக்கத்தான் மாட்டேங்குறாங்க."

"இந்தக் கண்ணு எப்பல்லாம் மஞ்சளாகும்?"

"தவக்காலத்துல."

அவர் பேனாவை நிறுத்தினார். "தவக்காலத்துலயா?"

ஒருசந்தியையும், சித்தையன்கோட்டையையும், பத்தியத்தையும், ஈஸ்டர் கறிக்குழம்பையும் சொன்னேன். சொல்லச் சொல்ல அவர் முகம் மாறிக்கொண்டே வந்தது. கடைசியில் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்துவிட்டார். பக்கத்தில் நின்ற ஸ்டீபனுக்கு முகம் சுருங்கிவிட்டது. "வீட்டுக் கறிக்குழம்புதான் உங்க அக்காவுக்கு மருந்து, அதை நாப்பது நாள் நிறுத்திட்டு வேற மருந்து குடுத்திருக்கீங்க" என்றார்.

அப்புறம் விளக்கினார். நான் புரிந்துகொண்ட வகையில் சொல்கிறேன். நம் ரத்தத்தில் சிவப்பணுக்கள் வயதாகி உடைந்துகொண்டே இருக்கின்றன. உடையும்போது ஒரு மஞ்சள் நிறமி வரும், அதற்குப் பிலிருபின் என்று பெயர். கல்லீரல் அதைப் பக்குவப்படுத்திக் கரையவைத்துப் பித்தநீரோடு குடலுக்கு அனுப்பிவிடும். கல்லீரல் கெட்டுப்போயோ, பித்தக்குழாய் அடைத்தோ அது தேங்கினால் அது காமாலை நோய். என்னைப் போன்றவர்களுக்குக் கல்லீரல் கெடவில்லை. பக்குவப்படுத்துகிற அந்த நொதி மட்டும் பிறவியிலேயே கொஞ்சம் சோம்பேறி. பட்டினி கிடந்தால், காய்ச்சல் வந்தால் இன்னும் சோம்பேறியாகும். கண் மஞ்சளாகும். வயிறு நிறையத் தின்றால் வேலையைப் பார்க்கும். இதற்குக் கில்பர்ட் சிண்ட்ரோம் என்று பெயராம். பங்குச்சாமியார் பெயர் மாதிரி இருந்ததால் எனக்கு உடனே மனப்பாடம் ஆகிவிட்டது. மருந்து தேவையில்லை, யாருக்கும் ஒட்டாது.

"அப்ப இத்தன வருசம்?" என்றேன்.

"இத்தனை வருஷம் உங்களுக்கு நோயே இல்ல."

சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். எனக்கு அழுகையும் ஆத்திரமும்தான் வந்தது. எத்தனை தூக்கு மாவு புளித்துக் கொட்டியிருப்பேன்! எத்தனை பேர் என் கையால் ஒரு காபி வாங்கிக் குடிக்க யோசித்திருப்பார்கள்! அம்புட்டும் ஒரு சோம்பேறி நொதிக்காக.

அந்த மஞ்சளை இரண்டாகப் பிரித்துப் பார்க்கும் பரிசோதனை ஒன்றை எழுதிவிட்டு, "இன்னிக்கு ராத்திரி தோசை, நாளைக்குக் காலையில இட்லி, மத்தியானம் முழுச்சாப்பாடு" என்று நர்ஸிடம் சொன்னார். மருந்துச் சீட்டில் இப்படி எழுதி நான் பார்த்ததில்லை. இரண்டு நாளில் கண் வெளுத்தது, பரிசோதனையும் டாக்டரம்மா சொன்னபடியே வந்தது. இதய டாக்டர் ஆஞ்சியோவுக்குத் தேதி கொடுத்தார்.

குழாய் உள்ளே போனது வலிக்கவில்லை. மருந்து ஏறியபோது உடம்பெல்லாம் சூடு பரவியது. திரையில் கறுப்பு வேர்கள் மாதிரி என் ரத்தக்குழாய்கள் தெரிந்தன. ஜெபம்கூட வரவில்லை. அப்பா முகமும் அண்ணன் முகமும்தான் வந்தன. "சுத்தமா இருக்கும்மா" என்றார் டாக்டர். "எங்கயும் அடைப்பு இல்ல. உங்க வயசுக்கு, உங்க குடும்பத்துக்கு, இது ஆச்சரியம்தான்."

அப்படியானால் வலி ஏன்? டாக்டரம்மா வந்து நெஞ்செலும்பும் விலா எலும்பும் சேருமிடத்தில் ஒரு விரலை வைத்து அமுக்கினார். நான் கத்திய கத்தில் நர்ஸ் ஓடிவந்தாள். மாவுத் தூக்கைத் தூக்கித் தூக்கி அங்கே இருக்கிற குருத்தெலும்பு வீங்கியிருந்தது. ஒரு விரல் வேலை. அதற்கு இவ்வளவு மாடிப்படி, இவ்வளவு பில்.

வீட்டுக்குக் கிளம்பும் நாளில்தான் அவர் அந்த விஷயத்தைச் சொன்னார். ஸ்டீபனும் பக்கத்தில் இருந்தான்.

"இந்த மஞ்சள் சும்மா கெடக்குற கழிவுன்னுதான் முன்னாடி நினைச்சாங்க. இப்ப அப்படிச் சொல்றதில்ல. ரத்தக்குழாயோட உள்சுவர்ல கெட்ட கொழுப்பு துருப்பிடிச்ச மாதிரி மாறித்தான் ஒட்டும், அடைப்பு அப்படித்தான் ஆரம்பிக்கும். பிலிருபின் அந்தத் துருவைத் தடுக்குது. குழாய்ல வீக்கத்தையும் குறைக்குதுங்கிறாங்க. உங்களை மாதிரி கொஞ்சம் கூடுதலா இருக்கிறவங்களுக்கு மாரடைப்பு குறைவாத்தான் வருதுன்னு நிறைய ஆராய்ச்சியில பார்த்திருக்காங்க."

"அப்ப இதுதான் என்னயக் காப்பாத்துச்சா?"

"அப்படி அடிச்சுச் சொல்ல முடியாது. மஞ்சள்தான் காரணமா, அதோட சேர்ந்து வர்ற வேற ஏதாவதான்னு இன்னும் விவாதம் நடக்குது. இது இருக்குன்னு நீங்க தினம் வடை தின்னக்கூடாது. உதவியிருக்கலாம், அவ்வளவுதான்." நிறுத்திவிட்டுக் கேட்டார். "உங்க அப்பாவுக்குக் கண்ணு மஞ்சளாகுமா?"

"இல்ல. எங்கம்மாவுக்குத்தான் லேசா இருக்கும்."

"அண்ணனுக்கு?"

"இல்ல."

அவர் ஸ்டீபனின் கண்ணைப் பார்த்தார். அவனுக்குப் பால் மாதிரி வெள்ளைக் கண். கடையில் எல்லோரும் மெச்சுகிற கண். "மஞ்சள் இல்லைங்கறதால மட்டும் சொல்லல. அப்பாவும் அண்ணனும் அந்த வயசுல போயிருக்காங்க. தம்பியை உடனே பாத்துடணும்."

ஸ்டீபன் சிரித்தான். "எனக்கென்ன டாக்டரம்மா, கல்லு மாதிரி இருக்கேன்."

அவன் மூச்சு வாங்க உட்கார்ந்த அந்தப் படித்திருப்பம் எனக்கு ஞாபகம் வந்தது. கிளம்பும்போது டாக்டரம்மாவைத் தனியாகப் பிடித்து, "என் மஞ்சளக் கொஞ்சம் அவனுக்கு ஏத்த வழியில்லையா?" என்று கேட்டேன். பைத்தியக்காரத்தனமாகத்தான் கேட்டேன். அவர் சிரிக்கவில்லை. "அப்படி மருந்து செய்ய முடியுமான்னு தேடிக்கிட்டுத்தான் இருக்காங்க. இன்னும் வரல. நீங்க அவரைக் கூட்டிட்டு வாங்க, அது போதும்."

கூட்டிக்கொண்டு போவது லேசான வேலையா? இன்று வடமதுரைக்கு லோடு, நாளை ஒட்டன்சத்திரம் மார்க்கெட், ஈஸ்டர் முடியட்டும், வண்டிக்கு எஃப்.சி. முடியட்டும். என்னை வருஷம் தவறாமல் மருந்துக்கு இழுத்துக்கொண்டு போனவன் தனக்கென்று வந்தால் நூறு சாக்குச் சொன்னான். லூர்து அழுது பார்த்தாள், நான் திட்டிப் பார்த்தேன். "உன் நெஞ்சுவலி என்னாச்சு? மாவுத் தூக்கு! எனக்கு வாய்வு. அம்புட்டுத்தான்" என்றான். பொறுக்கமுடியவில்லை.

"ஏலே ஸ்டீபா, நீ டெஸ்ட் எடுக்கிற வரைக்கும் நான் பச்சத்தண்ணிதான் குடிப்பேன், பாத்துக்க" என்றேன்.

"டாக்டரம்மா பட்டினி கெடக்கக் கூடாதுன்னுச்சு."

"ஆமா. அதுக்குத்தான் கெடக்கேன்."

அடுத்த நாளே கண் ஏறியது. அதற்கடுத்த நாள் மாம்பழமாகிவிட்டது. மாவு வாங்க வந்தவர்கள், "திரும்பவும் வந்துருச்சாக்கா?" என்றார்கள். ஆமாம் என்றேன். பாதிப்பேர் திரும்பிப் போனார்கள், போகட்டும் என்று விட்டுவிட்டேன். ஸ்டீபன் கடை வாசலில் வண்டியை நிறுத்திவிட்டு, "இது நோயில்லன்னு எனக்குத்தான் தெரியுமே. நீ எம்புட்டு மஞ்சளானாலும் நான் பயப்பட மாட்டேன்" என்று ரோட்டைப் பார்த்தபடி சொன்னான். என் முகத்தைப் பார்க்க அவனுக்குத் துணிவில்லை. மறுநாள் விடிந்ததும் லோடு ஏற்றாத வண்டியோடு வந்தான். "வாரேன். நீ மொதல்ல ரெண்டு இட்லி தின்னு. இந்த மூஞ்சியோட நீ என் பக்கத்துல உக்கார வேணாம்."

ஓடும் பட்டையில் அவனைச் செத்த நேரம்தான் நடக்கவிட்டார்கள். நிறுத்தச் சொல்லிவிட்டார்கள். ஆஞ்சியோவில் மூன்று குழாயில் அடைப்பு. கம்பிவலை வைத்துச் சரிசெய்கிற அளவில் இல்லை, மதுரைக்குப் போய் பைபாஸ் செய்யவேண்டும் என்றார் இதய டாக்டர். காலிலிருந்து ஒரு நரம்பை எடுத்து, அடைப்பைத் தாண்டி ரத்தம் போக வேறு வழி கட்டுவது. "இன்னும் கொஞ்சம் விட்டிருந்தா..." என்று ஆரம்பித்தவர் லூர்துவைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டார். ஸ்டீபன் தரையையே பார்த்துக்கொண்டிருந்தான். கல்லு மாதிரி இருக்கேன் என்று அவன் அப்புறம் சொல்லவில்லை.

மதுரையில் ஆபரேஷன் தியேட்டருக்கு வெளியே உட்கார்ந்திருந்ததைப் பற்றி எழுத எனக்கு இஷ்டமில்லை. என் ஆஞ்சியோவைவிட ஆயிரம் மடங்கு கொடுமை அது. யாரைப் பார்த்தாலும் கோபம் வந்தது. வேர்க்கடலை கொறித்துக்கொண்டிருந்தவர் மேல், சத்தமாகப் போன் பேசியவர் மேல், கண்ணாடிக் கதவைத் திறந்து வெளியே வந்து எங்களைத் தாண்டிப் போன ஒவ்வொரு நர்ஸ் மேலும். என் கண்ணில் இருந்த மஞ்சளின் மேலும்தான். ஒரே வயிற்றில் பிறந்தோம், அது ஏன் எனக்கு மட்டும் வரவேண்டும்? தினமும் மூட்டை தூக்கிச் சம்பாதிக்கிறவன் அவன். இரண்டு பிள்ளை இருக்கிறது அவனுக்கு. லூர்து டீ வாங்கி வந்தாள். கையில் வைத்திருந்தேன், ஆறிப்போனது. சோறு கொண்டுவந்தாள். தொண்டையில் இறங்கவில்லை. இந்தமுறை நான் வீம்புக்குப் பட்டினி கிடக்கவில்லை.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்றார்கள். மறுநாள் சாயங்காலம், வாயில் இருந்த குழாயை எடுத்தாகிவிட்டது, ஒவ்வொருவராகப் போய்ப் பார்க்கலாம் என்றார்கள். லூர்து பார்த்துவிட்டு வந்து அழுதாள். அடுத்து பச்சை அங்கியை மாட்டிக்கொண்டு நான் போனேன்.

உடம்பெல்லாம் வயரும் குழாயுமாகக் கிடந்தான். முகம் ஊதியிருந்தது. "ஸ்டீபா" என்றேன். கண்ணைத் திறந்தான். என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். மருந்து மயக்கத்தில் அடையாளம் தெரியவில்லையோ என்று எனக்குப் பயமாக இருந்தது. உதடு அசைந்தது. காதை அவன் வாய்க்குக் கிட்டே கொண்டுபோனேன்.

"கண்ணு மஞ்சளா இருக்கு" என்றான். மூச்சு வாங்கிவிட்டு மறுபடி சொன்னான். "சாப்பிடலையாக்கா?"

இத்தனை வருஷத்தில் என் கண்ணைப் பார்த்துவிட்டு இப்படிக் கேட்டவர் யாருமில்லை. சாப்பிடவில்லை என்று தலையாட்டினேன். நேரமாகிவிட்டது, வெளியே போங்க என்று நர்ஸ் சொன்னாள். அவன் விடவில்லை, விரலை ஆட்டிக் கதவைக் காட்டினான்.

"போ. போய்ச் சாப்பிடு."

கீழே கேன்டீனுக்குப் போனேன். சாம்பார் சாதம் மட்டும்தான் மிச்சம் இருந்தது. அழுதுகொண்டே அதைத் தின்றேன், இன்னொரு தட்டும் வாங்கினேன்.